ஹம் அம்மன் கோயில் இருக்கிற ஊன்ட்ரொப் பகுதி: வரலாறு தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ

கரைச்சி மலர்க்குழு (கிளிநொச்சி)

வணக்கம். கோயில் திருவிழா மலருக்கு, எங்கட பக்கத்துச் சனம் போய்க் குடியேறின இடங்களைப் பற்றிக் கட்டுரைகள் சேர்க்கிறம். ஜேர்மனியில ஹம் காமாட்சி அம்பாள் கோயில் எண்டால் வன்னியில தெரியாத வீடு இல்லை. ஆனால் அந்தக் கோயில் நிக்கிற மண்ணைப் பற்றி வந்த கட்டுரைகள் ஒண்டுக்கொண்டு மாறி இருக்கு. ஒருத்தர் ஊன்ட்ரொப் ஒரு கிராமம் எண்டுறார், மற்றவர் நகரத்தின்ர ஒரு வட்டாரம் எண்டுறார். "அம்மனை ஊருக்குள்ள விடாமல் பக்டறிகளுக்கு நடுவில தள்ளிவிட்டினம்" எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். இன்னொருத்தர் கோயிலுக்குப் பக்கத்தில அணு உலை ஓடுது எண்டு எழுதியிருக்கிறார்.

தேவை இதுகள்தான்: அந்தப் பகுதியின்ர பழைய வரலாறு, கோயில் ஏன் அங்க போச்சு, அணு உலைக் கதையில உண்மை எவ்வளவு, தீர்த்தம் ஆடுற "வாய்க்கால்" எப்படிப்பட்டது, இங்கயிருந்து தேருக்குப் போக விரும்புற வயசான ஆக்களுக்குக் கடைசிப் பக்கத்தில போடக்கூடிய பயணக் குறிப்பு. அச்சில வரப்போறது, அதால ஆண்டுகள் சரியா வேணும்.

லிப்பேக்கரை

முதல்ல பேரைத் தெளிவாக்குவம். உங்களுக்குக் கண்டாவளையைச் சொன்னால் உடன விளங்கும். கண்டாவளை ஒரு ஊர், அதே பேரில பிரதேச செயலர் பிரிவும் இருக்கு. ஊன்ட்ரொப்பும் அப்படித்தான். லிப்பே ஆற்றங்கரையில பழைய கிராமம் ஒண்டு அந்தப் பேரில இருக்கு. ஹம் நகரத்தின்ர ஏழு நிர்வாக வட்டாரங்களில கிழக்கில இருக்கிற வட்டாரத்துக்கும் அதே பேர். ரெண்டு கட்டுரையாளரும் சரிதான், ஆனால் வேற வேற அளவைச் சொல்லுகினம். 1975 ஜனவரி 1ஆம் திகதி வரைக்கும் ஊன்ட்ரொப் தனி உள்ளூராட்சி. அண்டைக்கு நடந்த எல்லைச் சீரமைப்பிலதான் ஹம்மோட சேர்ந்தது. அதுக்கு முந்தின சம்பவத்தை எழுதேக்க "ஹம் நகரத்தின் ஊன்ட்ரொப்" எண்டு போட்டால் பிழை.

பழைய வரலாறு நகரத்தை விட மூத்தது. வட்டாரத்தின்ர மேற்குப் பக்கம், நகரத்துக்குக் கிட்ட, மார்க் எண்டொரு இடம். அங்க அகழி சூழ்ந்த மண்மேடு ஒண்டு இண்டைக்கும் இருக்கு. கோட்டை போட்டுது, மேடு மிச்சம். மார்க் கோமகன்கள் தங்கட பட்டத்தை எடுத்தது அந்தக் கோட்டையின்ர பேரில. அந்தப் பரம்பரையில வந்த அடோல்ப் 1226 மார்ச் மாசம், சாம்பல் புதன் அண்டு, ஹம் நகரத்தை நிறுவினார். நகரம் 800 ஆண்டு நிறைவு காணுறது 2026இல. ஹம் எண்ட சொல்லுக்கு மூலை, கோணம் எண்டு பொருள். லிப்பேயும் ஆசேயும் எண்ட ரெண்டு ஆறு சந்திக்கிற மூலையில நகரம் எழும்பினதால வந்த பேர்.

இந்த ரெண்டு ஆறும்தான் வட்டாரத்தின்ர குணத்தைத் தீர்மானிச்சது. இடைப்பட்ட நிலம் தட்டையான வயலும் மேய்ச்சல் தரையும். லிப்பே வெறும் ஆறு இல்லை, எல்லை. ஆற்றுக்கு வடக்கே மியுன்ஸ்டர் ஆயரின்ர ஆட்சி, கத்தோலிக்கர். தெற்கே மார்க் கோமகன்களின்ர நிலம், புரட்டஸ்தாந்து மதம் வேரூன்றி, 17ஆம் நூற்றாண்டில பிராண்டன்பேர்க் கைக்குப் போய்ப் பிறகு பிரஷியாவாகினது. ஊன்ட்ரொப் தெற்கே. அப்ப அது எல்லையோரத்து விவசாய நிலம். பெரிய செங்கட்டிப் பண்ணைவீடுகளை இப்பவும் கிழக்குப் பக்கத்தில காணலாம்.

19ஆம் நூற்றாண்டில நிலக்கரி தேடி எல்லா இடமும் துளைபோட்டவை. ரூர் பிரதேசத்தின்ர நிலக்கரிப் படை தெற்கில நிலமட்டத்துக்குக் கிட்டவா இருக்கும், வடக்கே போகப்போகச் சரிஞ்சு ஆழமாகும். ஹம் அந்தப் படுகையின்ர வடகிழக்கு விளிம்பு. நிலக்கரிக்கு மேல நூற்றுக்கணக்கான மீற்றர் தடிப்பில சுண்ணாம்புக் களிப்பாறை; அதின்ர வெடிப்புகளுக்குள்ள தண்ணி. 1870களில வெரீஸ் எண்ட இடத்தில துளைபோட, நிலக்கரிக்குப் பதிலா சூடான உப்புத்தண்ணி வந்தது. அதை வைச்சே ஹம்மில உப்புநீர்க் குளியல் மருத்துவம் தொடங்கினது, நகரத்துக்குக் கிட்டவா இருக்கிற பெரிய குளியல் பூங்காவின்ர தோற்றம் அதுதான்.

அதே தண்ணி அடுத்த முயற்சியை விழுங்கினது. பவேரியாவைச் சேர்ந்த மக்சிமிலியான் இரும்பு ஆலைக் கொம்பனி 1902இல இங்க சுரங்கம் தோண்டத் தொடங்கினது. கிணறு இறக்கேக்கயே திரும்பத் திரும்ப வெள்ளம். கொஞ்சக் காலம்தான் கரி எடுத்தவை, 1914இல தண்ணி உள்ள உடைச்சுச் சுரங்கம் நிண்டது. மற்ற வட்டாரங்களில, உதாரணமா ஹேசன், பெல்கும் பக்கம், 20ஆம் நூற்றாண்டு முழுக்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகள் எழும்பினது. ஊன்ட்ரொப்பில அது நடக்கேல்லை. நிலம் வயலாவே கிடந்தது. இதைக் கட்டாயம் கட்டுரையில போடுங்கோ, பின்னால நடந்த எல்லாத்துக்கும் காரணம் இந்த வெறும் காணிதான்.

அந்தக் கைவிட்ட சுரங்க நிலத்திலதான் 1984இல நோர்த்றைன் வெஸ்ட்பாலன் மாநிலத்தின்ர முதலாவது மாநிலப் பூங்காக் கண்காட்சி நடந்தது. நிலக்கரி கழுவுற பழைய கட்டடத்துக்கு மேல, ஹோர்ஸ்ட் ரெலெக்கே எண்ட கலைஞர் கண்ணாடியும் இரும்பும் கொண்டு யானை வடிவம் கட்டினார், உயரம் 35 மீற்றர். தும்பிக்கைக்குள்ள லிப்ட் ஓடுது. ஹம்முக்குப் போன சனம் அனுப்புற படங்களில வாற கண்ணாடி யானை இதுதான். கோயிலோட அதுக்கு ஒரு தொடர்பும் இல்லை. பிள்ளையாருக்கு ஜேர்மன்காரர் கட்டினது எண்டு எழுதி வந்தால் வெட்டிவிடுங்கோ.

மதகு

கால்வாயைப் பற்றி நான் எழுதுறன். முதல்ல "வாய்க்கால்" எண்ட சொல்லை மாத்துங்கோ. கிளிநொச்சியில வாய்க்கால் எண்டால் வாசிக்கிற ஆள் இரணைமடு இடதுகரை வாய்க்காலைத்தான் நினைப்பார், பாசனத்துக்கு ஓடுற தண்ணி. அது டாட்டெல்ன்–ஹம் கப்பல் கால்வாய். சரக்குப் படகு போறது. ஏறக்குறைய 47 கிலோமீற்றர் நீளம், மேற்கே டாட்டெல்னில மற்றக் கால்வாய்களோட சேருது. ஹம் வரைக்கும் 1914இல திறந்தது, பிறகு கிழக்கே நீட்டி ஊன்ட்ரொப் பக்கத்து ஷ்மேஹவுசனில முடிச்சது 1933இல. ஹம்மிலயும் வெரீஸிலயும் படகு ஏத்தி இறக்குற ரெண்டு நீர்ப்பூட்டு இருக்கு.

இன்னொரு வேலையும் அது செய்யுது. ஹம்மில லிப்பே ஆற்றுத் தண்ணியைக் கால்வாய்க்குள்ள எடுத்து மேற்கு ஜேர்மனியின்ர கால்வாய் வலையமைப்புக்கு ஊட்டுறது. நீர்ப்பூட்டு ஒவ்வொருக்காத் திறக்கேக்கயும் தண்ணி கீழ்த்தட்டுக்குப் போகும். மேலயிருந்து நிரப்பாட்டில் படகு தரைதட்டும். குளத்துத் தண்ணி பங்கிடுற ஊர்க்காரருக்கு இது லேசா விளங்குற விசயம்.

1933இல கால்வாய் கிழக்கு நுனிக்கு வந்ததுதான் ஊன்ட்ரொப்பைத் தொழிற்பகுதி ஆக்கினது. அனல்மின் நிலையத்துக்கு ரெண்டு சாமான் வேணும்: கரி, குளிர்விக்கத் தண்ணி. ரெண்டும் அங்க படகிலயும் ஆற்றிலயும் கிடைச்சது. சுற்றிவர வீடும் குறைவு. 1960களில வெஸ்ட்பாலன் மின் நிலையம் வந்தது, இரசாயனத் தொழிற்சாலையும் மற்றதுகளும் வரிசையா வந்தது.

தீர்த்தம் ஆடுறது இந்தக் கால்வாய்க் கரையில. ஆறு மாதிரி சரிஞ்ச மணல் கரை எண்டு நினைக்கக்கூடாது. கப்பல் கால்வாயில ஓரம் வெட்டினாப்போல ஆழமாகும், கல் அடுக்கினதோ இரும்புத் தகடு இறக்கினதோ. கல்லில பாசி வழுக்கும். படகு ஒண்டு கடந்து போனால் முதல்ல தண்ணி உள்ள இழுபட்டுப் பிறகு அலையாத் திரும்பும். அதால தீர்த்தத்துக்கு ஒதுக்கின இடத்தைத் தவிர வேற எங்கயும் இறங்கக்கூடாது, பாலத்துக்கும் நீர்ப்பூட்டுக்கும் கிட்டக் குளிக்க அங்க சட்டப்படியே தடை. ஜூன் மாசத்திலயும் தண்ணி எங்கட குளத்துத் தண்ணியை விடக் குளிர், இருதய வருத்தம் உள்ள வயசானவை கால் நனைச்சுத் தலையில தெளிச்சால் போதும்.

கொதிகலன்

அணு உலை: இருந்தது உண்மை, ஓடுறது பொய். மலரில வரப்போறதால விரிவா எழுதுறன்.

பேர் தோரியம் உயர்வெப்ப உலை, சுருக்கமா டி.எச்.டி.ஆர்-300. ஏறக்குறைய 300 மெகாவாற். கட்டத் தொடங்கினது 1971, அணுப்பிளவுத் தொடர்வினை முதல் முறை ஓடினது 1983 செப்ரெம்பர், மின்கட்டமைப்போட இணைச்சது 1985 நவம்பர். மூட முடிவெடுத்தது 1989 செப்ரெம்பர். முழு வலுவில ஓடின நேரத்தைக் கூட்டினால் 423 நாள்தான் வரும்.

சாதாரண உலையில எரிபொருள் கோலாக இருக்கும். இங்க 6 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கிராபைற் உருண்டைகள், ஏறக்குறைய 675,000. எரிபொருள் உருண்டை ஒவ்வொண்டிலயும் 1 கிராமுக்குச் சற்றுக் குறைஞ்ச யுரேனியம்-235உம் சுமார் 10 கிராம் தோரியமும். மேலயிருந்து போட்டுக் கீழயிருந்து எடுக்கிற ஏற்பாடு. வெப்பத்தை எடுக்கிறது தண்ணி இல்லை, ஹீலியம் வாயு. தோரியம் உங்களுக்கு அந்நியமான பொருள் இல்லை. கொக்கிளாய், புல்மோட்டைக் கடற்கரைக் கனிம மணலில இல்மனைற், ரூட்டைல், சேர்க்கனோட சிறு அளவு மொனசைற் இருக்கு, அந்த மொனசைற்றுக்குள்ள இருக்கிறது தோரியம். வன்னி வாசகருக்கு இந்த ஒரு வரி நல்ல பிடி குடுக்கும்.

பிழைச்சது எங்க? கட்டுப்பாட்டுக் கோல்களை உருண்டைக் குவியலுக்குள்ள நேரா இறக்கிற அமைப்பு. அரிசி மூட்டைக்குள்ள கூரான குத்தூசி இறக்கிறதைப் போல. எதிர்பார்த்ததை விடக் கனக்க உருண்டை, ஆயிரக்கணக்கில, உடைஞ்சது. உடைஞ்ச துண்டும் தூளும் எடுக்கிற வழியில அடைக்கும். 1986 மே 4ஆம் திகதி ஊட்டுற குழாயில உருண்டை சிக்குப்பட, அதை விடுவிக்கப் பார்க்கேக்க கதிரியக்கத் தூள் கலந்த வாயு வெளியில போனது. செர்னோபில் வெடிச்சு எட்டு நாள். அந்தப் புகைமண்டலம் ஜேர்மனிக்கு மேல நிண்ட நேரம், அதால எது எங்கயிருந்து வந்தது எண்டு அளவெடுக்கிறதே சண்டையாப் போச்சு. விவசாயிகள் உழவு மெசின்களைக் கொண்டுவந்து வாசலை மறிச்சவை. 1988 செப்ரெம்பரில சோதனைக்கு நிப்பாட்டினபோது வெப்பவாயுக் குழாய்க்குள்ள உள்பூச்சைப் பிடிச்சிருக்கிற ஆணிகள் சிலதின்ர தலை முறிஞ்சிருக்கக் கண்டவை. பழுது, செலவு, ஆர் பொறுப்பு எண்ட இழுபறி எல்லாம் சேர்ந்து, திரும்ப ஓடேல்லை.

உலர் குளிர்விப்புக் கோபுரம் 181 மீற்றர் உயரம், இரும்புக் கம்பிவலையில தொங்கின கட்டமைப்பு. 1991 செப்ரெம்பர் 10இல வெடிவைச்சு விழுத்தினவை. எரிபொருள் உருண்டைகளைக் கொள்கலன்களில அடைச்சு ஆஹவுஸ் எண்ட இடத்துக்குக் கொண்டுபோய்ட்டினம், மொத்தம் 305 கொள்கலன். உலைக் கட்டடம் 1997 தொடக்கம் பூட்டி முத்திரையிட்ட நிலையில கண்காணிப்போட இருக்கு. கோயில் கும்பாபிஷேகம் 2002. அதாவது அம்மன் வரேக்க உலை நிண்டு பதின்மூண்டு வருசம். "பக்கத்தில உலை ஓடுது" எண்ட வரியை எடுத்துவிடுங்கோ.

நிலக்கரி மின் நிலையமும் இப்ப இல்லை எண்டே சொல்லலாம். பழைய அலகுகள் ஒவ்வொண்டா மூடி, புதுசா கட்டின ரெண்டில ஒண்டு 2014இல ஓடத் தொடங்கினது, மற்றது ஒருநாளும் வணிகத்துக்கு ஓடாமலே 2015 கடைசியில கைவிடப்பட்டது. ஓடினதும் நிலக்கரியைக் கைவிடுற திட்டத்தில 2021இல மூடினது. பழைய படங்களில கோயில் கோபுரத்துக்குப் பின்னால வெள்ளைப் புகை தெரியிறது நிலக்கரி நிலையத்தின்ர குளிர்விப்புக் கோபுரத்து நீராவி. படக்குறிப்பில "அணு உலைப் புகை" எண்டு போடாதேங்கோ.

நிலப்படம்

அடுத்தது "தள்ளிவிட்டினம்" எண்ட கதை. பாதி உண்மை எண்டுதான் சொல்லவேணும், மற்றப் பாதி சட்டம்.

தமிழர் அங்க வந்த வழியிலயிருந்து தொடங்குறன். 1980களின்ர முதல் பாதியில கனபேர் கிழக்கு பேர்லின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில இறங்கி, அங்கயிருந்து மேற்கு பேர்லினுக்குப் போய் அகதி விண்ணப்பம் குடுத்தவை. 1985இல கிழக்கு ஜேர்மனி அந்த வழியை அடைச்சது. விண்ணப்பம் குடுத்தவையை மாநிலங்களுக்குப் பங்கு பிரிச்சு அனுப்பேக்க, சனத்தொகை கூடின நோர்த்றைன் வெஸ்ட்பாலனுக்குப் பெரிய பங்கு. ஹம்மும் சுற்றுவட்டார நகரங்களும் அப்படித்தான் தமிழ் இடமாச்சு.

கோயிலைத் தொடக்கினவர் பாஸ்கரக் குருக்கள். 1989இல ஹம் நகரத்துக்குள்ள குடியிருப்புக் கட்டடமொண்டின்ர நிலவறையில அம்மனை வைச்சுப் பூசை தொடங்கினது. 1993இல முதல் தடவை வீதியில ஊர்வலம். வருசா வருசம் சனம் கூட, வீட்டுத் தெருவில வாகனம் நிப்பாட்ட இடமில்லை, அயலவர் முறைப்பாடு, நகரசபை அந்த இடத்தில தொடர விடேல்லை. இது நடந்தது. ஆனால் அதோட நிப்பாட்டினால் கதை கோணும். அதே நகரசபையோட பேசித்தான் ஊன்ட்ரொப் தொழிற்பகுதிக் காணி கிடைச்சது. 2000இல கட்டத் தொடங்கி 2002 ஜூலை 7இல கும்பாபிஷேகம்.

தொழிற்பகுதி ஏன் எண்டதுக்கு ஒலி அளவைப் பாருங்கோ. ஜேர்மனியில ஒவ்வொரு காணிக்கும் வகை உண்டு, வகைக்கு ஏத்த ஒலி வரம்பு உண்டு. வீடுகள் மட்டும் உள்ள வலயத்தில பகலில 50 டெசிபல், இரவில 35. பொதுக் குடியிருப்பில 55, 40. கலப்பு வலயத்தில 60, 45. வர்த்தக வலயத்தில 65, 50. தொழில் வலயத்தில பகலும் இரவும் 70. இரவு எண்டது பத்து மணியிலயிருந்து காலமை ஆறு வரை. இந்த வரம்பு தொழில் நிறுவனங்களுக்கு எழுதினதெண்டாலும் மற்ற இடங்களுக்கும் அளவுகோலாப் பாவிக்கிறவை. தவிலும் நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் விடியப் பூசையும் உள்ள கோயில், குடியிருப்புக்குள்ள இருந்தால் கொடியேற்றத்தில தொடங்கிப் பூங்காவனம் வரைக்கும் பொலிஸுக்கு ரெலிபோன்தான். தொழிற்பகுதியில ஞாயிற்றுக்கிழமை றோட்டு வெறுமை. தேர் திரும்ப அகலம் இருக்கு, பாரவண்டி போற றோட்டு எண்டபடியால் தார் தாங்கும், மின்கம்பி தலைக்கு மேல தொங்காது. தேரோடுற ஊர்க்காரர் ஆரும் இந்த மூண்டையும் முதல்ல பார்ப்பினம். வழிபாட்டு இடத்தை வர்த்தக, தொழில் வலயங்களில விதிவிலக்கா அனுமதிக்கச் சட்டத்திலயே இடம் வைச்சிருக்கு.

கட்டட அளவு: மண்டபம் 27க்கு 27 மீற்றர், இராஜகோபுரம் 17 மீற்றர். கட்டட வரைபடம் ஹம்மைச் சேர்ந்த ஜேர்மன் கட்டடக் கலைஞருடையது, சிற்பவேலை இந்தியாவிலயிருந்து வந்த சிற்பிகளுடையது. எங்கட நாட்டில திறந்த வெளிவீதியா இருக்கிறதில பெரும்பகுதி அங்க கூரைக்குக் கீழ. பனிக்காலத்தில வேற வழியில்லை. சுதைவேலைக்குப் பனி எதிரி எண்டதையும் ஒரு வரி எழுதலாம்: மயிர்வெடிப்புக்குள்ள போன தண்ணி உறையேக்க ஏறக்குறைய 9 வீதம் பருக்கும், வர்ணப்பூச்சு செதிலாக் கழரும். அதால அப்படியான நாடுகளில கோபுரத்து வெடிப்பை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலயும், உறைபனிக்கு முன்னம், அடைக்கவேணும். மழை முடிஞ்சு பார்ப்பம் எண்டு விட்டால் அடுத்த வருசம் மூக்கும் விரலும் இல்லாத சிலைதான்.

கரைச்சி மலர்க்குழு

எல்லாருக்கும் நன்றி அண்ணைமார். இந்தப் பந்தி சரியோ பாருங்கோ:

"ஹம் நகரின் பழம்பெரும் கிராமமான ஊன்ட்ரொப், நிலக்கரிச் சுரங்கங்களால் செழித்த தொழிற்பேட்டை. சுரங்கங்கள் மூடப்பட்ட பின் கைவிடப்பட்ட தொழிற்சாலைகளுக்கு நடுவே, ஐரோப்பாவின் மிகப் பெரிய இந்துக் கோயில் எழுந்தது."

லிப்பேக்கரை

தம்பி, நாலு இடம் திருத்தவேணும். சுரங்கத்தால செழிக்கேல்லை, சுரங்கம் தோற்றதால வெறுமையாக் கிடந்து, கால்வாயாலயும் மின் நிலையத்தாலயும் தொழிற்பகுதியாச்சு. தொழிற்சாலைகள் கைவிடப்பட்டதும் இல்லை, சுற்றிவர இயங்குது. "மிகப் பெரிய" எண்டதை விடுங்கோ, லண்டன் நீஸ்டன் கோயில் அதைவிடப் பெரிசு. "ஐரோப்பாவின் பெரிய தென்னிந்தியப் பாணிக் கோயில்களில் ஒன்று" எண்டால் ஒருத்தரும் மறுக்கமாட்டினம். முழு வட்டாரமும் தொழிற்பேட்டை இல்லை. மேற்குப் பாதி குளியல் பூங்காவும், கண்ணாடி யானை நிக்கிற மக்சிமிலியான் பூங்காவும், மரம் நிழல் விழுற வீட்டுத்தெருவும். கிழக்குப் பாதி வயலும் ஆலையும். ஹம்மில இருக்கிற சனத்திட்டயே ஊன்ட்ரொப் எண்டு கேட்டால், ஒருத்தர் பிள்ளைகளோட யானைப் பூங்காவைச் சொல்லுவார், மற்றவர் மின் நிலையத்தைச் சொல்லுவார். அந்த ரெண்டு முகத்தையும் கட்டுரையில கொண்டுவந்தால்தான் அந்த இடம் தெரியும்.

ஒரு திருத்தம் இப்படி: "லிப்பே ஆற்றங்கரை விவசாய நிலமான ஊன்ட்ரொப்பில் 1902இல் தோண்டிய சுரங்கம் நீர்ப்பெருக்கால் 1914இல் நின்றுபோனது. 1933இல் கப்பல் கால்வாயும் 1960களில் மின் நிலையமும் வந்தன. 1975இல் ஹம் நகரோடு இணைந்த இந்த வட்டாரத்தின் தொழிற்பகுதியில், 2002இல் காமாட்சி அம்பாள் கோயில் கும்பாபிஷேகம் கண்டது."

வழித்துணை

பயணக் குறிப்பு என்ர பங்கு.

தேர் மே கடைசி அல்லது ஜூன் மாசத்து ஞாயிறு ஒண்டில வரும், தீர்த்தம் அதுக்கு அடுத்தது. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையில நிக்கவேணும் எண்டு நேர்த்தி உள்ள அம்மாமார் திகதி ரெண்டும் முட்டுதோ எண்டு முதல்ல பார்க்கட்டும், ரெண்டும் ஒரே பருவம். கோயில் பஞ்சாங்கத் திகதி வந்த பிறகுதான் ரிக்கற் எடுக்கவேணும்.

ஷெங்கன் வீசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாசத்துக்கு முன்னம் குடுக்க ஏலாது, 15 நாளுக்குப் பிந்தவும் கூடாது. முடிவு வழமையா 15 நாள், 45 நாள் வரை இழுபடலாம். அதால தேருக்கு மூண்டு மாசம் முந்திக் குடுக்கிறது பாதுகாப்பு. பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்புறுதி குறைஞ்சது 30,000 யூரோவுக்கு, தங்குற நாள் முழுக்கச் செல்லுபடியாகவேணும். அங்க கூப்பிடுற பிள்ளையோ சகோதரமோ தன்ர ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில பொறுப்பேற்புப் பத்திரம் எடுக்கவேணும், 29 யூரோ, சம்பளத் துண்டுகள் காட்டவேணும். அதின்ர மூலப்பிரதி கொழும்புக்கு வரவேணும், போட்டோக் கொப்பி காணாது. அந்த அலுவலகங்களில நேரம் எடுக்கவே வாரக்கணக்கு ஆகும், சுணக்கம் பெரும்பாலும் அங்கதான்.

வன்னியிலயிருந்து போற விண்ணப்பங்கள் இடறுறது ரெண்டில. ஒண்டு, பேர் எழுத்து: அடையாள அட்டையில ஒரு மாதிரி, பாஸ்போட்டில ஒரு மாதிரி, பிள்ளையின்ர பிறப்புப் பத்திரத்தில தாய் பேர் வேற மாதிரி. உறவை நிரூபிக்கிறதே அந்தப் பத்திரம்தான். யுத்தத்தில மூலப் பத்திரம் துலைஞ்ச ஆக்கள் பிரதேச செயலகத்தில உறுதிப்படுத்தின பிரதி எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்ட மொழிபெயர்க்கவேணும். மற்றது, திரும்பி வருவன் எண்டதுக்கு ஆதாரம். காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், ஓய்வூதியச் சீட்டு, இஞ்ச இருக்கிற பிள்ளைகளின்ர விபரம், கமக்கார அமைப்புக் கடிதம் எல்லாத்தையும் வையுங்கோ. வங்கியில கடைசிக் கிழமை மொத்தமாப் போட்ட காசு உதவாது, சந்தேகத்தைத்தான் கூட்டும்.

டுசல்டோர்ப் விமான நிலையத்தில இறங்கினால் அங்கயிருந்தே ஆர்-ஈ-1 றெயின் நேரா ஹம்முக்குப் போகும், மாறத் தேவையில்லை. ஹம் நிலையத்திலயிருந்து கோயில் ஏறக்குறைய 10 கிலோமீற்றர் கிழக்கே, ஞாயிறு பஸ் குறைவு. காரில வாறவைக்கு ஏ-2 பெருந்தெருவில "ஹம்-ஊன்ட்ரொப்" எண்ட வெளியேறும் வழியே இருக்கு. தேரண்டு கோயிலைச் சுற்றின றோட்டுகள் மறிச்சிருக்கும், பல்லாயிரம் சனம் வாற நாள், காலமை நேரத்தோட போகாட்டில் வாகனத்தைத் தூர விட்டு நடக்கவேணும். வெறுங்காலோட தார் றோட்டில நிக்கிறது. வெயில் எண்டால் சுடும், மழை எண்டால் 12 பாகையில விறைக்கும். கம்பளிச் சால்வை ஒண்டும் பிளாஸ்ரிக் மழைச்சட்டையும் பையில இருக்கட்டும். காவடி எடுக்கிறவை கோயில் நிர்வாகத்திட்ட முன்கூட்டியே கேட்டுப் பதியவேணும்.

திரும்பி வரேக்க ஒரு பொறி இருக்கு. பேர்லினிலயிருந்து வாற நீண்ட விரைவு றெயின் ஹம்மில ரெண்டாப் பிரியும். ஒரு பாதி டோட்முண்ட், எசன் வழியா டுசல்டோர்ப் பக்கம், மற்றப் பாதி ஹாகன், வூப்பெற்றால் வழியாக் கேல்ன் பக்கம். ஒரே மேடை, ஒரே நேரம். பெட்டி இலக்கத்தையும் பெட்டிக் கதவுக்குப் பக்கத்தில ஒளிருற ஊர்ப் பேரையும் பார்த்து ஏறவேணும். பிழையான பாதியில ஏறின அம்மா அடுத்த நிலையத்தில இறங்கி அறிவிப்பு விளங்காமல் நிப்பா, பிளேன் போயிடும். கூட்டிக்கொண்டு போற ஆள் பெட்டி இலக்கத்தைத் தமிழில துண்டில எழுதிக் கையில குடுத்துவிடட்டும்.